அடுத்த சரித்திர நாவலை அறிவிப்பது எப்படி? வரலாற்றுக் காதல் கதை எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சமூக நாவலின் அறிவிப்பில் பெயரும் மாதமும் சரியாக இருந்தால் போதும். சரித்திரக் காதல் நாவலுக்கு அது போதாது. அட்டையில் இருக்கும் கோபுரம், தலைப்பில் வரும் பட்டப்பெயர், முன்னோட்டமாகப் போடும் 10 வரி, எல்லாமே வரலாறு பற்றிய கூற்றுகள்தான். வாசகர்களில் கல்வெட்டு படிப்பவர்களும் இருக்கிறார்கள். நாவல் வெளிவரும் வரை அவர்கள் காத்திருக்கப் போவதில்லை. அதனால் அச்சு, விற்பனை பற்றிய கேள்விகளோடு, அறிவிப்புக்குள் நுழையும் வரலாற்றுப் பிழைகள் பற்றியும் இங்கே பேசுகிறோம். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் சோழர் காலத்தவை. எழுதுபவர்கள் அதிகம் போவது அங்கேதான்.

எழுதத் தொடங்கியதுமே அறிவித்துவிடலாமா?

வேண்டாம். முதல் வரைவு முடிந்த பிறகு அறிவியுங்கள். சரித்திர நாவலில் பாதி வழியில் கதை திரும்பிவிடும். ஒரு கல்வெட்டின் ஆட்சியாண்டைத் திரும்பக் கணக்கிட்டதும் நாயகன் அந்தப் போருக்கே போயிருக்க முடியாது என்று தெரியவரும். தலைப்பு, நாயகியின் பெயர், சில நேரம் அரசனே மாறுவதும் உண்டு. முதல் வரைவுக்கு முன் ஏதாவது சொல்லியே ஆக வேண்டுமென்றால், காலத்தையும் ஊரையும் மட்டும் சொல்லுங்கள்: "11-ஆம் நூற்றாண்டு நாகப்பட்டினத்தில் நடக்கும் கதை ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன்." தலைப்பும் மாதமும் வேண்டாம்.

ஜனவரி சென்னைப் புத்தகக் காட்சிக்குப் புத்தகம் கையில் இருக்க வேண்டும். எப்போதிலிருந்து கணக்கு?

பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வாருங்கள். பொங்கலையொட்டி நடக்கும் காட்சிக்கு, கட்டு முடிந்த புத்தகம் டிசம்பர் 20-க்குள் பதிப்பாளரின் கிடங்கில் இருக்க வேண்டும். அதற்கு அச்சகத்துக்கு இறுதிக் கோப்பு நவம்பர் நடுவில் போக வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை சிவகாசி அச்சகங்கள் காலண்டரிலும் டைரியிலும் மூழ்கியிருக்கும். சென்னை அச்சகங்களில் டிசம்பரில் எல்லாப் பதிப்பாளர்களும் ஒரே வரிசையில் நிற்பார்கள். நவம்பர் கடைசியில் கொடுத்த கோப்புக்கும் நவம்பர் நடுவில் கொடுத்த கோப்புக்கும் 10 நாள் வித்தியாசம்தான். புத்தகம் வந்து சேருவதில் அது ஒரு மாதமாகிவிடக்கூடும்.

400 பக்கத்துக்கு மெய்ப்பு (அச்சுப்படியில் பிழை திருத்துவது) இரண்டு முறை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாரம். அதற்கு முன் பிரதி திருத்தத்துக்கு ஆறு வாரம். ஆக, இறுதி வரைவு ஆகஸ்ட் முடிவுக்குள் உங்கள் கையை விட்டுப் போக வேண்டும். அட்டை ஓவியரிடம் ஜூலையிலேயே பேசிவிடுங்கள். தலைப்பை செப்டம்பரிலும், அட்டையை நவம்பரிலும், முன்பதிவை டிசம்பர் முதல் வாரத்திலும் அறிவித்தால் வாசகருக்குச் சலிப்பும் வராது, உங்களுக்கு மூச்சும் முட்டாது.

ஜனவரியைத் தவறவிட்டால் பிப்ரவரியில் அவசரமாகக் கொண்டுவருவதில் பெரிய லாபமில்லை. மாவட்டப் புத்தகக் காட்சிகள் ஆண்டு முழுக்க நடக்கின்றன. ஆகஸ்டை ஒட்டி நடக்கும் ஈரோட்டுக் காட்சியைக் குறிவைக்கலாம். அந்த நேரத்தில் அச்சகமும் காலியாக இருக்கும்.

அறிவிப்பில் கட்டாயம் இருக்க வேண்டியவை?

தலைப்பு, கதை நடக்கும் காலம் (நூற்றாண்டு போதாது, ஆண்டு வேண்டும்), ஊர், நாயகன் நாயகி இருவரில் யார் வரலாற்று மாந்தர், யார் கற்பனை, எத்தனை பாகம், அச்சா மின்னூலா, வெளியாகும் மாதம். கதைச்சுருக்கம் 120 சொல்லைத் தாண்ட வேண்டாம். விலையை அச்சக மதிப்பீடு கைக்கு வரும்வரை சொல்லாதீர்கள்.

"உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது" என்று பொத்தாம்பொதுவாக எழுதுவதைவிட, எது உண்மை என்று ஒரே வரியில் சொல்வது நல்லது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலன் கொலையைச் சுற்றிய கதை என்றால் இப்படி எழுதலாம்: "கொலையாளிகளாக உடையார்குடிக் கல்வெட்டு குறிப்பிடும் சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோர் வரலாற்று மாந்தர்கள், நாயகியும் அவள் குடும்பமும் கற்பனை." வாசகர் பலரும் கல்வெட்டில் இருப்பதையும் கல்கியின் பழைய தொடர்கதையில் படித்ததையும் ஒன்றாகவே நினைவில் வைத்திருக்கிறார்கள். இந்த ஒரு வரி பாதிச் சண்டையைத் தவிர்த்துவிடும்.

ஆட்சியாண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றும்போது எங்கே தவறுகிறது?

கூட்டுவதில். ராஜராஜன் அரியணையேறியது கி.பி. 985 ஜூன்–ஜூலையில். 15-ஆம் ஆட்சியாண்டு என்று கல்வெட்டு சொன்னால், 985-உடன் 15-ஐக் கூட்டி 1000 என்று போட்டுவிடுகிறார்கள். முதல் ஆட்சியாண்டே 985 நடுவில் தொடங்குகிறது; எனவே கூட்ட வேண்டியது 14. பதினைந்தாம் ஆண்டு 999 நடுவிலிருந்து 1000 நடு வரை. கதை மார்கழியில் நடந்தால் அது 999 டிசம்பர். 1000 டிசம்பர் என்று போட்டால் அது பதினாறாம் ஆண்டு.

இரண்டாவது குழி ராஜேந்திரன். ராஜராஜன் 1014-ல் மறைந்தார் என்பதால் ராஜேந்திரனின் ஆட்சியாண்டை 1014-லிருந்து எண்ணுகிறார்கள். அவர் 1012-லேயே இளவரசுப் பட்டம் ஏற்றுத் தந்தையோடு சேர்ந்து ஆளத் தொடங்கிவிட்டார். கல்வெட்டுகள் அந்த ஆண்டிலிருந்தே எண்ணுகின்றன. இரண்டு ஆண்டு பிசகினால் கடாரப் படையெடுப்பு, ஏறக்குறைய 1025, உங்கள் கதையில் நடக்கும் முன்பே கப்பல் திரும்பி வந்துவிடும்.

மூன்றாவது, பட்டப்பெயர். சோழர்கள் ராஜகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறி மாறிச் சூடினார்கள். வெறும் "கோப்பரகேசரி" என்று மட்டும் இருக்கும் கல்வெட்டு யாருடையது என்பதில் ஆய்வாளர்களே வேறுபடுவார்கள். அப்படி ஒரு கல்வெட்டின் மேல் முழுக் காதலையும் கட்டியிருந்தால், அறிவிப்பில் அந்தக் கல்வெட்டை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.

இன்னொன்று: அரியணை ஏறுமுன் ராஜராஜன் அருள்மொழி. 975-ல் நடக்கும் காட்சியில் யாரும் அவரை "ராஜராஜரே" என்று அழைக்க முடியாது. அதேபோல, கங்கைப் படையெடுப்புக்கு முன் நடக்கும் கதையில் கங்கைகொண்ட சோழபுரம் இல்லை.

நாம் வைத்த தலைப்பில் ஏற்கெனவே ஒரு நாவல் இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

சட்டப்படி தேவையில்லை. வெறும் தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்பதை 2015-ல் ஒரு திரைப்படத் தலைப்பு வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. ஆனால் தேடலில் சிக்கல் வரும். பழைய புத்தகத்துக்கு ஆயிரம் மதிப்புரை இருக்கும், உங்களுடையது ஐந்தாவது பக்கத்தில் கிடக்கும். "வேந்தன்", "தேவி", "கோட்டை", "சபதம்", "கனவு" ஆகிய சொற்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் யாரோ வைத்திருப்பார்கள். ஊர்ப்பெயரோ ஆறோ தொழிலோ சேர்ந்த தலைப்புகள் தனித்து நிற்கும்; காலத்தையும் இடத்தையும் தாமே சொல்லிவிடும்.

அட்டையில் அதிகம் நடக்கும் தவறுகள் என்ன?

கட்டடங்கள்தான் முதலிடம். சோழர் கதை அட்டையின் பின்னணியில் ஒன்பது, பத்து நிலைக் கோபுரம் வண்ணப் பொம்மைகளோடு எழுந்து நிற்கும். வாயிற்கோபுரங்கள் வானளாவ வளர்ந்தது பிற்காலத்தில். மதுரையின் இன்றைய தோற்றம் பெரும்பாலும் நாயக்கர் காலத்தது. ஸ்ரீரங்கத்தின் 236 அடி ராஜகோபுரம் முழுமையடைந்தது 1987-ல். அதைச் சோழப் படைக்குப் பின்னால் வரைவது, தேருக்குப் பின்னால் மின்கம்பம் வரைவதற்குச் சமம்.

தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம், அதாவது கருவறைக்கு மேல் எழும் பகுதி, 1010-ல் முடிந்தது. ஆகவே ராஜராஜனின் தந்தை சுந்தர சோழர் காலக் கதைக்கு அது ஆகாது. 1010-க்குப் பிந்தைய கதை என்றாலும், விமானத்தை வரையலாமே தவிர முன்னால் இருக்கும் பெரிய நந்தியையும் அதன் மண்டபத்தையும் விட்டுவிடுங்கள். அவை நாயக்கர் காலத்தவை. தஞ்சை அரண்மனை என்று இன்று நாம் படமெடுப்பதும் நாயக்கர், மராட்டியர் கட்டியதே. பல்லவர் கதைக்கும் இதே கவனம் வேண்டும்: வாதாபியை வென்ற முதலாம் நரசிம்மவர்மன் ஏழாம் நூற்றாண்டு நடுவில் இருந்தவர்; மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் அவருக்குப் பின் வந்த ராஜசிம்மன் காலத்தது. நாயகன் நரசிம்மன் என்றால் பின்னணிக்கு ரதங்கள் பொருந்தும்.

அடுத்தது உடை. நாயகிக்கு விசிறி மடிப்புத் தைத்த நாட்டிய உடையைப் போட்டுவிடுகிறார்கள். அது 20-ஆம் நூற்றாண்டுத் தையல். கைவைத்த ரவிக்கையும் பிற்காலத்தது. சோழர் காலச் செப்புத் திருமேனிகளைப் பார்த்து வரையச் சொல்லுங்கள்: இடையில் மெல்லிய ஆடை, கச்சு, தோள்வளை, மேகலை. இதைக் கவர்ச்சியாக்காமல் வரைவது ஓவியரின் கைத்திறன். ஒரு மேலாடையைத் தோளில் போட்டுவிட்டால் இடரும் தீரும்.

மூன்றாவது பூக்கள். பூகன்வில்லா, துலுக்கச் சாமந்தி, வெள்ளையும் மஞ்சளுமாகக் கோயில் வாசலில் உதிரும் ஈழத்தலரி, மூன்றுமே அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. நாயகி கையில் தாமரையோ அல்லியோ முல்லையோ இருக்கட்டும்.

ஏஐ கருவியில் படம் எடுப்பவர்களுக்கு இவை எல்லாம் ஒரே படத்தில் வந்து நிற்கும். "சோழ இளவரசி" என்று கேட்டால் வட இந்திய அரண்மனை வளைவும் ராஜபுத்திர நகையும் நாட்டிய உடையும் கலந்து தரும். கொடியில் புலிக்குப் பதில் சிங்கம் வருவதும் உண்டு. சோழரின் செப்பேட்டு முத்திரையில் புலியோடு இரு மீன்களும் வில்லும் இருக்கும். அதை ஓவியருக்கு மாதிரியாகக் கொடுங்கள்.

அட்டையின் அளவுகள்?

கிண்டில் மின்னூலுக்கு உயரம் 2560, அகலம் 1600 பிக்சல். அச்சுக்கு டெம்மி 1/8 என்றால் 5.5 × 8.5 அங்குலம், நான்கு பக்கமும் வெட்டுக்காக 3 மி.மீ. கூடுதல். முதுகின் அகலத்தைப் பக்க எண்ணிக்கை உறுதியான பிறகே கணக்கிடுங்கள்: பக்கங்களை இரண்டால் வகுத்து, தாளின் தடிமனால் பெருக்க வேண்டும். 400 பக்கம், தாள் 0.1 மி.மீ. என்றால் 20 மி.மீ. கடைசி நேரத்தில் 32 பக்கம் கூடினால் முதுகு 1.6 மி.மீ. விரியும், தலைப்பு எழுத்து முன்னட்டைப் பக்கம் நழுவும். முன்னட்டையை முதலில் வெளியிட்டுவிட்டு, முதுகையும் பின்னட்டையையும் பிறகு முடிப்பதில் தவறில்லை.

முன்னோட்டமாக எந்தப் பகுதியைப் போடலாம்?

உரையாடல் இருக்கும் பகுதி, 300 சொல்லுக்குள். இருவரும் முதன்முதலில் மோதிக்கொள்ளும் இடம் எப்போதும் எடுபடும். நிலா வர்ணனையை நாவலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அந்த 300 சொல்லைச் சலித்து எடுங்கள். ஜன்னல், சாவி, அலமாரி, மேசை, கோப்பை போர்த்துக்கீசியத்திலிருந்து வந்தவை. சிப்பாய், சலாம், தயார், வசூல், ராஜினாமா பாரசீகம், அரபு வழியாக வந்தவை. சொல்லி நடத்தும் ஆசிரியர் குரலில் "தயார்" வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள். படைத்தலைவன் வாயில் "தயாரா?" என்று வந்தால் பிடித்துக்கொள்வார்கள். சாளரம், திறவுகோல், பேழை என்று மாற்றுவது எளிது. எல்லாவற்றையும் மாற்றி உரையாடலை விறைப்பாக்கிவிடாமல் பார்ப்பதுதான் கடினம். அந்தப் பொருளே வராதபடி வாக்கியத்தைத் திருப்பிவிடுவது பல இடங்களில் நல்ல வழி.

சாப்பாட்டுக் காட்சிகளில் மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு, நிலக்கடலை, மக்காச்சோளம், பப்பாளி, கொய்யா, அன்னாசி எதுவும் சோழ நாட்டில் இல்லை. பாயசத்தில் மிதக்கும் முந்திரியும் இல்லை. காரத்துக்கு மிளகு. காதலிக்குக் காகிதத்தில் கடிதம் எழுதாதீர்கள், ஓலை போதும். "ஐந்து நிமிடம்" வேண்டாம்; ஒரு நாழிகை 24 நிமிடம், நாளுக்கு 60 நாழிகை. ஏழரை நாழிகை ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். இந்தக் கணக்கு தெரியாமல் "அரை நாழிகையில் பழையாறையிலிருந்து தஞ்சைக்கு வந்தான்" என்று எழுதினால் குதிரை 12 நிமிடத்தில் வந்ததாக ஆகும். பொன்னுக்குக் கழஞ்சு, மஞ்சாடி, குன்றி: ஒரு கழஞ்சு 20 மஞ்சாடி, ஒரு மஞ்சாடி இரண்டு குன்றி.

முடிவு சுபமா என்று கேட்கிறார்கள். சொல்லலாமா?

காதல் நாவல் வாசகருக்கு இது நியாயமான கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்லலாம். எப்படிச் சேருகிறார்கள் என்பதை மறைத்துக்கொண்டு, சேருவார்கள் என்பதைச் சொன்னால் விற்பனை குறையாது. வரலாறு முடிவைத் தீர்மானித்துவிட்ட நாயகன் என்றால் ஏமாற்றக் கூடாது. ஆதித்த கரிகாலனின் காதல் என்று அறிவித்தால் அது சோகத்தில்தான் முடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். "சுபம்" என்று சொல்லிவிட்டு மறுபிறவியில் சேர்த்து வைத்தால் புத்தகம் திரும்பி வரும். சுபமான முடிவு வேண்டுமென்றால் வரலாற்றின் ஓரத்தில் இருப்பவர்களை நாயகராக்குங்கள்: ஒரு கடல் வணிகன், கோயிலுக்கு விளக்கெரிக்க ஆடு கொடுத்த ஒரு குடும்பம், ஓலை எழுதும் ஒருவன். கல்வெட்டில் பெயர் மட்டும் இருக்கும். வாழ்க்கையை நீங்கள் எழுதலாம்.

நெருக்கமான காட்சிகள் இருந்தால் முன்பே சொல்ல வேண்டுமா?

சொல்லிவிடுங்கள். "18 வயதுக்கு மேற்பட்டோருக்கு" என்ற ஒரு வரி போதும். பரிசாக வாங்கிக் கொடுக்கும் சித்தப்பாவும் பள்ளி நூலகரும் அதைத்தான் தேடுகிறார்கள்.

நாயகியின் வயதில் சமரசமே கிடையாது. அந்தக் காலத்தில் சிறு வயதிலேயே மணம் முடித்தார்கள் என்ற சமாதானம் இங்கே செல்லாது. காதல் காட்சியில் இருப்பவர் 18 நிறைந்தவர் என்பது கதைக்குள்ளும் அறிவிப்பிலும் தெளிவாக இருக்க வேண்டும். "பதினாறு வயதுப் பருவ மங்கை" என்று பழைய பாணியில் எழுதும் பின்னட்டைக் குறிப்பு சட்டச் சிக்கலுக்கும், மின்னூல் தளத்தில் கணக்கு முடக்கத்துக்கும் வழி.

கல்கி, சாண்டில்யன் படைத்த மாந்தர்களை வைத்துத் தொடர்ச்சி எழுதலாமா?

இருவருக்கும் விடை வேறு. இந்தியாவில் பதிப்புரிமை, ஆசிரியர் இறந்த ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டு. கல்கி 1954-ல் மறைந்தார். 2014 முடிவோடு காலம் தீர்ந்தது. சாண்டில்யன் 1987-ல் மறைந்தார். 2047 முடியும்வரை உரிமை அவர் வாரிசுகளிடம்.

வரலாற்று மாந்தர்கள் யாருக்கும் சொந்தமில்லை. வந்தியத்தேவன் தஞ்சைக் கல்வெட்டில் குந்தவையின் கணவராக வருகிறார். அவரை யாரும் எழுதலாம். நந்தினி கல்கியின் கற்பனை. உரிமை தீர்ந்துவிட்டதால் அவளையும் எழுதலாம்தான், ஆனால் அறிவிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் விட்டால், அவளை வரலாற்று மாந்தர் என்று நினைத்துவிட்டீர்கள் என்பார்கள்.

அரசர் எந்தச் சாதி என்று கேட்டால்?

அறிவிப்பில் அந்த வாடையே வேண்டாம். இன்றைய சாதிப் பெயர் எதையும் அரசருக்கு ஒட்டாதீர்கள். கல்வெட்டில் இருக்கும் பட்டத்தை இருக்கிறபடி எழுதுங்கள், மேலே விளக்காதீர்கள்.

எத்தனை பாகம் என்று முதலிலேயே சொல்ல வேண்டுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும், அதுவும் கணக்குப் போட்டு. டெம்மி பக்கம் ஒன்றுக்கு 200 முதல் 220 சொல். ஒரு லட்சம் சொல் என்றால் ஏறக்குறைய 480 பக்கம். அச்சில் 16 பக்கம் ஒரு ஃபாரம். 480 பக்கம் சரியாக 30 ஃபாரம். 484 பக்கமானால் அந்த நான்கு பக்கத்துக்காக இன்னொரு ஃபாரமோ அரை ஃபாரமோ ஏற்ற வேண்டும்; செலவும் கூடும், வெற்றுப் பக்கமும் விழும். 600 பக்கத்துக்கு மேல் பர்ஃபெக்ட் பைண்டிங்கில் (பசையால் ஒட்டும் கட்டு) முதுகு விரியத் தொடங்கும். நடுவில் திறந்து படிப்பவர் கையில் தாள் கழன்று வரும். அங்கே நூல் தைத்த கட்டு வேண்டும், அல்லது இரண்டு பாகமாகப் பிரிக்க வேண்டும்.

பிரிப்பதானால் முதல் பாகம் வெளிவரும்போது இரண்டாம் பாகத்தின் வரைவு முடிந்திருக்க வேண்டும். முதல் பாகம் மட்டும் வந்து நின்றுபோன தொடர்கள் வாசகர் அலமாரிகளில் நிறைய இருக்கின்றன. "எல்லாப் பாகமும் வரட்டும், வாங்குகிறேன்" என்று சொல்பவரைக் குறை சொல்ல முடியாது.

முன்வெளியீட்டுத் திட்டத்தில் எங்கே கை சுடுகிறது?

தபால் செலவில். கணக்கு இது: டெம்மி அளவில் 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாள் ஒன்று 2.1 கிராம். 400 பக்கம் என்றால் 200 தாள், 420 கிராம். 300 ஜிஎஸ்எம் அட்டை 20 கிராம். புத்தகம் 440 கிராம். அட்டைப்பெட்டியும் குமிழித்தாளும் சேர்ந்தால் 500-ஐத் தொட்டுவிடும். 500 கிராமில் கட்டண அடுக்கு மாறுகிறது. எனவே மாதிரிப் பிரதியை உறையோடு எடைபோட்ட பிறகே "தபால் செலவு இலவசம்" என்று அறிவியுங்கள். பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டுவிட்டது. பழைய கட்டணத்தை மனத்தில் வைத்துக் கணக்கிடாதீர்கள்.

சலுகை விலை, கடைசித் தேதி, அனுப்பத் தொடங்கும் தேதி மூன்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். பணம் வாங்கத் தொடங்குவது அச்சகத்துக்குக் கோப்பு போன பிறகு. கையெழுத்திட்ட பிரதி தருவதாக இருந்தால் 100 அல்லது 200 என்று எல்லை வையுங்கள். 500 பிரதியில் கையெழுத்திட்டுப் பெயரும் எழுதினால் இரண்டு முழு நாள் போகும், பெயரில் எழுத்துப்பிழை வந்த பிரதிகள் தனியாகத் தேங்கும்.

கிண்டிலில் முன்பதிவு வைக்கலாமா?

ஓராண்டு முன்பே வைக்கலாம். இறுதிக் கோப்பை வெளியீட்டு நேரத்துக்கு 72 மணி நேரம் முன்னதாக ஏற்றியாக வேண்டும். தவறினால் முன்பதிவுகள் ரத்தாகும், ஓராண்டுக்கு முன்பதிவு வசதியும் போய்விடும். ஆகவே நாவல் முடிந்த பிறகு, ஆறு வார இடைவெளியில் வைப்பது போதும்.

அமேசானின் கேடிபி செலக்ட் என்ற மின்னூல் திட்டத்தில் சேர்ந்தால் 90 நாளுக்கு அந்த மின்னூல் வேறெங்கும் கிடைக்கக் கூடாது. மாதிரியாக 10 சதவீதம் மட்டும் வேறிடத்தில் இருக்கலாம். இந்திய விற்பனைக்கு 70 சதவீத ராயல்டி கிடைப்பதும் இதில் சேர்ந்தால்தான். பிரதிலிபி போன்ற தளங்களில் அத்தியாயம் அத்தியாயமாக எழுதியவர்கள் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள். தொடரை எடுத்துவிட்டோம் என்று நினைத்திருப்பார்கள். ஆறு அத்தியாயம் எங்காவது நின்றிருக்கும். சேரும் முன் நாவலின் நடுவிலிருந்து ஒரு முழு வாக்கியத்தை மேற்கோள்குறிக்குள் இட்டுத் தேடிப் பாருங்கள். அச்சுப் புத்தகத்துக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

வாசகர் தேடினால் புத்தகம் அகப்படவில்லை. ஏன்?

பெரும்பாலும் எழுத்துக் குறியீடு. பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் தட்டிய தலைப்பு, படத்தில் தமிழாகத் தெரியும். தேடுபொறிக்கு அது வெறும் குப்பை. எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றுங்கள். மாற்றிய பிறகும் மூன்று இடம் பாருங்கள். "கௌ" என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் ள எழுத்து உட்கார்ந்திருக்கும். "ஸ்ரீ" இரண்டு விதமாகப் பதிவாகும், கண்ணுக்கு ஒன்றுபோல் இருந்தாலும் தேடலில் வேறு. ஒகர, ஓகாரக் குறிகள் இரண்டு துண்டாகப் பிரிந்து கிடக்கும்.

தலைப்பை ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுபவர்களும் நிறைய. ழகரத்துக்கும் நெடிலுக்கும் என்ன எழுத்து என்பதை ஒருமுறை முடிவுசெய்து, அட்டை, விற்பனைப் பக்கம், அறிவிப்பு எல்லாவற்றிலும் அதையே வையுங்கள். பக்க வடிவமைப்பை இன்டிசைனில் செய்பவர் உலக மொழிகளுக்கான பத்தி அமைப்பியைத் தேர்ந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். இல்லையென்றால் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும்.

ஐஎஸ்பிஎன் (புத்தகத்தின் சர்வதேச அடையாள எண்) எப்போது வாங்க வேண்டும்?

தலைப்பு உறுதியானதும். இந்தியாவில் ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை இலவசமாகத் தருகிறது. தாளட்டை, கெட்டி அட்டை, மின்னூல் ஒவ்வொன்றுக்கும் தனி எண். மறுஅச்சுக்குப் புது எண் தேவையில்லை. திருத்திய பதிப்புக்கு வேண்டும். எண் வாங்கிய பிறகு தலைப்பை மாற்றினால் பதிவையும் திருத்த வேண்டியிருக்கும், அதை மறந்தவர்களின் புத்தகம் பட்டியலில் பழைய பெயரிலேயே திரியும்.

பதிப்பாளரோடு ஒப்பந்தம் ஆகுமுன் அறிவிக்கலாமா?

நாவலை அறிவிக்கலாம், பதிப்பகத்தின் பெயரைச் சொல்லக் கூடாது. ஒப்பந்தத்தில் கால அளவு எழுதப்படவில்லை என்றால் உரிமை மாற்றம் ஐந்து ஆண்டுக்கு என்றும், எல்லை எழுதப்படவில்லை என்றால் இந்தியாவுக்குள் என்றும் சட்டம் எடுத்துக்கொள்ளும். கொடுத்த உரிமையை ஓராண்டுக்குள் பயன்படுத்தாவிட்டால், ஒப்பந்தம் வேறு சொல்லாதவரை, அது தீர்ந்துபோகும். ஒலிநூல், திரை, மொழிபெயர்ப்பு உரிமைகளைத் தனித்தனி வரியாக எழுதி வாங்குங்கள். சரித்திர நாவலுக்கு இப்போது முதலில் வரும் தொலைபேசி அழைப்பே ஒலிநூல்காரரிடமிருந்துதான்.

வாசகருக்குச் செய்தி அனுப்ப வாட்ஸ்ஆப் குழு வசதியா?

சேனல் நல்லது. குழுவில் எல்லோருடைய எண்ணும் எல்லோருக்கும் தெரியும். பெண் வாசகர்கள் அதற்காகவே வெளியேறுவார்கள். சேனலில் எண் தெரியாது, காலை வணக்கமும் வராது.

தேதி தள்ளிப்போய்விட்டது. எப்படிச் சொல்வது?

தெரிந்த அன்றே, காரணத்தோடு, புது மாதத்தோடு. புது மாதம் உறுதியில்லை என்றால் அடுத்த செய்தி எப்போது என்பதையாவது சொல்லுங்கள். முன்பணம் கட்டியவருக்குத் திரும்பப் பெறும் வழியையும் அதே செய்தியில் கொடுங்கள். பெரும்பாலோர் கேட்க மாட்டார்கள், வழி இருக்கிறது என்பதே அவர்களுக்குப் போதும். இரண்டாவது முறை தள்ளுவதானால் மெய்ப்பு கைக்கு வரும்வரை மாதம் எதையும் சொல்லாதீர்கள்.

அட்டை வெளியான பிறகு ஒருவர் பிழையைக் காட்டினார். அது சரிதான். இனி என்ன செய்வது?

அச்சுக்குப் போகாத வரை மாற்றுங்கள். மாற்றியதை அவருக்கு நன்றியோடு சொல்லுங்கள். அச்சாகிவிட்டது என்றால் மின்னூல் அட்டையையும் அடுத்த அச்சையும் மாற்றலாம். கதையின் தேவைக்காகத் தெரிந்தே மீறியதென்றால், நாவலின் கடைசியில் ஆசிரியர் குறிப்பாக இரண்டு பக்கம் ஒதுக்கி எதை எங்கே மாற்றினீர்கள் என்று எழுதிவிடுங்கள். மெய்ப்புப் படிக்கும்போதே அந்தப் பட்டியலைத் தொடங்கினால் எதுவும் விட்டுப்போகாது. 16 பக்க ஃபாரத்தில் கடைசியில் எஞ்சும் வெற்றுப் பக்கங்களும் அதற்குப் பயன்படும்.